இயல்பு நட்டம்

ஒரு டன் கிளிமூக்கு உள்ளே போனால்
அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல் கூழாக வெளியே வரும்.
மிச்சம் தோல், கொட்டை, நார்,
லைன் ஆட்கள் கடித்துப் போட்டது.
புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு:
இயல்பு நட்டம்.
அதற்கு மேல் போனால்தான்
யாரையாவது கேள்வி கேட்கவேண்டும்.

குடிபாலா தாண்டி இந்த ஃபேக்டரியில்
எனக்கு இது நான்காவது சீசன்.
பேச்சு தெலுங்கில், வவுச்சர் இங்கிலீஷில்.
டின்களை எண்ணும்போது மட்டும்
உதடு தானாகத் தமிழுக்கு வந்துவிடும்.

சி.ஏ. இன்டர், இரண்டாம் குரூப், மூன்று முறை.
கடைசி முறை ஒன்பது மார்க்கில் போனது.
காட்பாடி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
ரிசல்ட் தள்ளிப்போயிருக்கிறது என்றேன்.
பொய்யில்லை,
நான்தான் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

இன்றிரவு பன்னிரண்டோடு பதிவு முடிகிறது.
லாப்டாப்பில் ஒரு ஜன்னலில் அதே சி.ஏ., நான்காம் தடவை.
இன்னொன்றில் சி.எம்.ஏ.
மூன்றாவது, அமெரிக்காக்காரர்களுடையது,
ஹைதராபாத்திலிருந்து சந்திரிகா அனுப்பியது.
'ரெண்டே பேப்பர்டி, இங்க எல்லாரும் அதான்.'
டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன்.
மூடினேன்.
திறந்து, பழைய ரேட்டில் பெருக்கிப் பார்த்தேன்.
மூடினேன்.

ஆடிட்டர் பார்கவ் வருஷத்துக்கு மூன்று நாள் வருவார்.
அவர் வந்தால் ஏசி ரிமோட்டுக்குப் பேட்டரி வரும், முந்திரி வரும்.
நான் கோர்த்து வைத்த ஃபைல்களின் மேல்
பச்சை மையில் ஒரு சுழி.
அந்தச் சுழிக்குத்தான் ஆசைப்பட்டேன்.
இப்போதும் ஆசைதான், மறைக்க என்ன இருக்கிறது.
கல்யாணப் பத்திரிகையில் சி.ஏ. என்று போட்டால்
யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.
சி.எம்.ஏ. என்றால் சித்தி கேட்பாள்:
அதுவும் சி.ஏ. மாதிரியா?
அந்த 'மாதிரி'யோடு ஆயுசுக்கும் குடித்தனம்.

ஆனால் ஜூனில் ஒரு வாரம்
இரண்டாவது லைனில் கூழ் இரண்டு சதவீதம் குறைந்தது.
பழம் சரியில்லை என்றார் புரொடக்‌ஷன் தாமோதரம்.
மண்டியில் ஏமாற்றுகிறான் என்றார் முதலாளி.
நான் வேபிரிட்ஜ் முனிரத்தினத்திடம் போய்
தோல் ஏற்றிய டிராக்டரின் சீட்டுகளைக் கேட்டேன்.
குப்பைச் சீட்டை எதற்கு என்று சிரித்தார், கொடுத்தார்.
ராத்திரி ஷிஃப்டில் மட்டும்
குப்பை கனமாக இருந்தது.
சல்லடை ஓரத்தில் ஒரு விரல் நீளக் கிழிசல்.
மாற்றி முடிக்கையில் மணி பதினொன்று.
முழங்கைவரை மாம்பிசின்.
அதில் கையெழுத்துப் போட யாருக்கும் இடமில்லை.
அன்று பஸ்ஸில் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் வரை
காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஃபாரத்தில் ஒரு கட்டம்:
இதற்குமுன் எழுதிய தேர்வுகள்.
மூன்று வருஷம், மூன்று ஹால் டிக்கெட்,
கோச்சிங்குக்காக அடகுபோய்
இன்னும் திரும்பாத ஒரு ஜோடி வளையல்.
இதில் எது இயல்பு, எது இயல்பற்றது
எந்தச் சல்லடையில் கிழிசல்?
கொட்டையை எடுக்கக்கூட புங்கனூரிலிருந்து ஆள் வருகிறான்,
கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் தருகிறான்,
அதை அடக்கவிலையில் கழித்துக் காட்டுவோம்.
காஸ்டிங் பேப்பரில் நான் வாங்கியது எழுபத்தொன்று.
அதை எதில் கழிப்பது?

வெளியே லாரி ஹார்ன்.
'அம்மாயி, வெயிட் ராசுகோ' என்று முனிரத்தினம் கூப்பிடுகிறார்.
ஓடிபி வந்துவிட்டது. ஆறு இலக்கம்.
நாலு, நாலு, ஒன்று, பூஜ்யம், எட்டு, ரெண்டு என்று
தமிழில் முணுமுணுத்து
நடு ஜன்னலில் தட்டிவிட்டுப் போகிறேன்.

முதல் ஜன்னலை மூடவில்லை.
பேட்டரி பதினொரு சதவீதம் இருக்கிறது,
அதுவாக அணையட்டும்.