பக்கச் சுவர்

முதல் தடவை ஆணி என்றேன்.
இரண்டாவது தடவை காற்று என்றேன்.
புந்தா அரேனாஸில் எதற்கும் காற்றைச் சொல்லலாம்,
பறந்த தகரத்துக்கும், மூடாத கதவுக்கும்,
வராத புருஷனுக்கும்.
மூன்றாவது தடவை
பஞ்சர் கடை ஒனோஃப்ரே
டயரைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிச் சுற்றினான்.
குமிழி அடியிலிருந்து வரவில்லை.
“ரோட்டில் கிடக்கிற எதுவும்
பக்கச் சுவரில் ஏறிக் குத்தாது, நோல்ஃபா.
இங்கே ஒட்டுப் போட்டாலும் நிற்காது.
புதுசுதான்.”
என் முகத்தைப் பார்க்காமல் விலை சொன்னான்.

ஜூன் மாதம். பத்து மணிக்குத்தான் விடியும்.
பதினோரு பிள்ளைகள் பதினோரு வாசலில்
கம்பளித் தொப்பியோடு
என் மஞ்சள் வேனுக்காக இருட்டைப் பார்த்தபடி.
கடைசி வீட்டுச் சிறுமி கேட்டாள்:
“அத்தை, வேனுக்கு இன்றைக்கும் கால் வலியா?”

யெர்கோ மிஹோவிலிச் என்று யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லாத பெயர்
வாய்க்குள் தடித்துக்கொண்டே போனது.
எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மரச்சுவர்,
அவர் இருமினால் என் தட்டுகள் அறியும்.
ஏப்ரலில் வேலியோரம் நின்று சொன்னார்:
“ஆறரைக்கு என்ஜினை உறும விடாதே,
மிலேனா விடியற்காலையில்தான் கண் மூடுகிறாள்.”
நான் டீசலைப் பற்றிச் சொன்னேன், குளிரைப் பற்றிச் சொன்னேன்.
மிலேனாவுக்கு என்ன என்று கேட்கவில்லை.
மே மாதம் முதல் டயர்.

கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது.
நண்டுப் படகில் இருந்தவர், கோணூசி கைவசம் உண்டு.
இரவில் மூன்று தரம் குப்பை கொட்ட வருகிறார்,
இரண்டு பேர் வீட்டில் எவ்வளவு குப்பை சேரும்?
வணக்கம் சொன்னால் சந்தேகம்,
சொல்லாவிட்டால் சாட்சியம்.

போலீஸ்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்:
“கண்ணால் பார்த்தீர்களா?”

தீர்வையில்லாச் சந்தையில் கேமரா வாங்கினேன்,
அரை டயர் விலை.
முதல் இரவு: பனி, ஒரு நாய், பனி.
இரண்டாம் இரவு லென்சில் உறைபனி பூத்து
தெருவே பாலேடு.
விடிந்தால் நான்காவது டயர்.
வாங்கக் காசில்லை. அன்று முழுக்க
வேன் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது.

மூன்றாம் இரவு தூங்கவில்லை என்று சொன்னால் பொய்.
நன்றாகத் தூங்கினேன்.
மூன்று மணிக்கு எழுந்தேன்,
அடுப்பில் எதையோ மறந்தவள்போல.

ஐந்து மணிக்குப் படத்தை ஓட்டிப் பார்க்கிறேன்.
என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி வருகிறாள்.
இடம் பார்க்கிறாள், வலம் பார்க்கிறாள்,
பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.
அவருடைய சாம்பல் நிற சுபாருவின் அருகே குந்துகிறாள்.
எழும்போது முட்டியில் கை ஊன்றுகிறாள்.
இவளுக்கு இவ்வளவு வயசா?
அவள் விட்டுப்போன கால்தடங்களைக்
கேமரா பார்க்கப் பார்க்கவே
காற்று மூடுகிறது.

அழித்தேன். ஒரு விரல் வேலை.

ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
யெர்கோ. தொப்பி கையில். முகத்தில்
நான் எதிர்பார்க்காத ஒன்று, நிம்மதி.
“எனக்கும் பண்ணிவிட்டான், நோல்ஃபா!
அந்த நாய்க்குப் பிறந்தவன் எனக்கும் பண்ணிவிட்டான்!
நீ என்னைத்தான் நினைக்கிறாய் என்று
மிலேனா எத்தனை நாள் அழுதாள் தெரியுமா?”
பிறகு ஜன்னலைக் காட்டி,
“அதில் விழுந்திருப்பானே?”

உறைபனி என்றேன்.
காற்று என்றேன்.

“போகட்டும். முதலில் உன் வண்டி,
பிள்ளைகள் நிற்கும்.”
கொட்டகையிலிருந்து ஜாக்கியும்
ஒரு பழைய டயரும் உருட்டி வந்தார்.
என் வேனுக்கு அதே அளவு.
சுபாரு வைத்திருப்பவர் வீட்டில் அது எதற்கு?
கேட்கும் உரிமையை
மூன்று மணிக்கே தொலைத்திருந்தேன்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
சக்கர மூடி உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.
நெம்புவதற்குக் கூராக ஏதாவது இருக்கிறதா என்று
திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார்.

கோட்டுப் பையில் இருந்தது.
கொடுத்தேன்.