நனையாத குடை

பெர்கன் நகரில் மழை பெய்கிறதா என்று
யாரும் கேட்பதில்லை.
எப்போது நின்றது என்றுதான் கேட்பார்கள்,
அதுவும் பொறாமையோடு.

அந்த ஊரின் மீன் சந்தையில்
ஒருவன் தொப்பலாக நனைந்து நின்றான்.
தாடியில் சொட்டு, தொப்பி விளிம்பில் சொட்டு.
குடை இருக்கிறது. விரிக்கவில்லை.
மேலங்கிக்குள் செருகி, பித்தானைப் பூட்டி,
குடைக்குத் தானே குடையாகிக்
குனிந்து நின்றான்.

என் பெயர் சூனிவா. வயது பதின்மூன்று.
இறால் வாங்கத்தான் அனுப்பினார்கள்.
காசு கைக்குள்ளேயே வியர்த்தது.

எஸ்கிலுக்குச் செய்தி போட்டேன்: ‘ஓடி வா.’
ஒரு காலில் மட்டும் காலுறையோடு வந்தான்.
அவனுக்குக் காது கேட்காது.
அதனால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரகசியம் பேசுகிறவர்கள்
பாவம்.

மலையேறும் ரயிலில்
மேல் பெட்டியில் அவன், எதிரே சாம்பல் துண்டு கட்டிய ஒருத்தி.
கீழ் பெட்டியில் நாங்கள்,
மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு
ஊர் பார்க்க வந்தவர்களைப் போல.
எஸ்கிலின் விரல்கள் என் உள்ளங்கையில் எழுதின:
நாளை. ஏழு மணி. மூன்றாம் துறை.
அப்புறம் நின்றுவிட்டன.
‘பை நனையக் கூடாது’ என்றானா,
‘மை நனையக் கூடாது’ என்றானா?
இரண்டுக்கும் உதடு ஒட்டும்.

பையைக் காணோம்.
அப்படியானால் மை.
அப்படியானால் குடைக்குள் காகிதம்.

உச்சியில் தேநீர்க் கடை. சுடச்சுட கோகோ வந்தது.
குளிரில் வந்த எல்லாரையும்போல
அவனும் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான்.
குடை நாற்காலியில் சாய்ந்தது.
எஸ்கில் தடுக்கி விழுந்தான்.
விழுவதில் கெட்டிக்காரன்;
பள்ளி நாடகத்தில் மூன்று வருடம் பிணமாக நடித்தவன்.
தட்டு உருண்டது, ஒரு பாட்டில் உடைந்தது,
யாரோ ஜெர்மன் மொழியில் திட்டினார்கள்.
கறுப்புக் குடை போனது, கறுப்புக் குடை வந்தது.

இறங்கும் ரயிலில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
கழிவறையில் பூட்டிக்கொண்டு பிரித்தோம்:
சுருட்டிய மெல்லிய தாள்,
கடலுக்கடியில் ஓடும் கம்பிகள்,
எங்கே வெட்டலாம் என்று சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி.
பள்ளியில் தொலைந்த பொருள் பெட்டியின் அடியில்
ஒற்றைக் கையுறைகளுக்குக் கீழே ஒளித்தோம்.
போன வருடத்திலிருந்து அதை யாரும் கிளறியதில்லை.

இரவு படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.
நான் இதுவரை நான்கு குடை தொலைத்திருக்கிறேன்.
ஐந்தாவதின் கைப்பிடியில் அம்மா ஒட்டிய வெள்ளை நாடா:
‘சூனிவா, எட்டாம் வகுப்பு பி.’
அதன்கீழே எங்கள் வீட்டு முகவரி,
என்னைவிட அழகான கையெழுத்தில்.

விடியும்வரை மழை கூரையில் நடந்தது.
மழைதான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன்.
அந்த நேரத்தில் அவன் மூன்றாம் துறையில் இருக்க வேண்டும்.
குழாயை உடைத்ததுபோல் கொட்டுகிறது.
படியில் நீர், பாய் விரிப்பில் நீர்,
கதவின் பிடியில் தொங்கியது என் குடை,
அலமாரியில் இருந்து அப்போதுதான் எடுத்ததுபோல்
காய்ந்துபோய்.

கையில் எடுத்தேன்.
நேற்றைவிடக் கொஞ்சம் கனம்.

தெருவில் யாரும் இல்லை.
எஸ்கில் வீடு நாலு திருப்பம்.
மேலங்கியைத் திறந்தேன்,
குடையை உள்ளே செருகினேன்,
பித்தானைப் பூட்டிக்கொண்டு
மழைக்குள் இறங்கினேன்.