மூன்றாம் கன்வேயர்

அதிகாலை நான்கு பத்துக்கு
மூன்றாம் டிரைவ் நின்றுவிடுகிறது.
சின்னத் திரையில் சிவப்பாய் ஒரே வரி:
எர்த் ஃபால்ட்.
இது மூன்றாவது இரவு.

நாங்கள் மண் விற்கிறவர்கள்.
லாட்வியாவின் வடக்கே சதுப்பைச் சீவி
பாசி மட்கிக் கறுத்ததை உலர்த்தி
மூட்டை கட்டி அனுப்புகிறோம்,
ஹாலந்துக்காரர் கண்ணாடிக் கூரைக்குக் கீழே
தக்காளி வளர்க்க.
உத்திரத்தில் மண், தேநீரில் மண், காதுமடலில் மண்.
இதற்கு நடுவே நின்றுகொண்டு
மண்ணில் பிழை என்கிறது இயந்திரம்.
முதல் இரவு வில்னிஸ் சிரித்தான்.

ரீசெட் பொத்தானின் எழுத்து
அவன் கட்டைவிரலில்தான் தேய்ந்தது.
நிற்கும், அழுத்துவான், ஓடும்.
ஓடினால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் அவனுக்கு.

டிரைவ் போடுவது ஒன்றும் பெரிய கணக்கில்லை.
மூன்று கம்பியில் போவதையும் வருவதையும்
ஓயாமல் கூட்டிப் பார்க்கும்.
சுழி வரவேண்டும்.
வராவிட்டால்
யாரோ ஓடும் வண்டியிலிருந்து
நடுவழியில் இறங்கிவிட்டார்கள்.

மெயினை அணைத்துப் பூட்டினேன்.
சாவி என் பையில்.
உள்ளே கபாசிட்டர்கள் இன்னும் விழித்திருக்கும்;
ஐந்து நிமிடம் பொறு என்கிறது மூடியில் ஒட்டிய தாள்.
நான் பத்து நிற்பேன்.
மூன்று மட்டும் நின்ற ஒருவனோடு
ஒரு முறை கைகுலுக்கியிருக்கிறேன்,
இடது கையால்.

கம்பிகளைக் கழற்றி டிரைவை வெறுமனே ஓட்டினேன்.
சமர்த்தாய் ஓடிற்று, ஒரு முணுமுணுப்பில்லை.
மறுபடி அணைத்து, பூட்டி, பத்து நிமிடம்.
பிறகு மோட்டாருக்கு மட்டும் மெகர்
(டிரைவோடு சேர்த்துப் போட்டால் டிரைவ் செத்துப்போகும்):
அறுநூறு மெகா ஓம்.
கேபிளுக்கு: நானூறு.
மூவரும் நிரபராதிகள்.
ஒன்றாய்க் கூடினால் மட்டும்
நான்கு பத்துக்கு ஒரு குற்றம்.

"மோட்டாரை மாத்திடலாம்" என்றான் வில்னிஸ்.
நேற்றுத்தான் மாற்றினோம்.
"அப்போ அந்தக் காவலையே அணைச்சிடு.
செட்டிங்கில் ஒரு வரிதானே."
நான் பதில் சொல்லுமுன்
வெளியே ஓயார்ஸின் குட்டி ரயில் ஊதியது.

நான்கு பத்து ரயில்.

பெட்டிகள் வந்து அடியில் நிற்க
கன்வேயர் தன் கழுத்தைத் தூக்கும்.
இதுவரை நான் அளந்ததெல்லாம்
குனிந்த கழுத்தை.

தூக்கும் மோட்டார் வேறு, அதன் லைன் வேறு.
"தூக்கு!" என்று கத்தினேன்.
கேபிளை மெகரின் கிளிப் கவ்வியிருக்க
கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.
நானூறு.
நானூறு.
முப்பது.
உச்சிக்குப் போனதும்
முள் சாய்ந்து படுத்துவிட்டது.

கீலுக்குப் பக்கத்தில், தாங்குபட்டையின் விளிம்பில்
உரசி உரசி
நகக்கண் அளவு ஒரு புண்.
ஈரமாய் அப்பியிருந்தது எங்கள் சரக்கேதான்,
மூட்டைக்குப் போகாத ஒரு சிட்டிகை.
வழித்தெடுத்தால் உள்ளே
செம்பு, புதுக்காசு போல.

கேபிளை மாற்றி, விளிம்பை ராவி,
ரப்பர் வைத்துக் கட்டி முடிக்க ஏழு மணி.
சதுப்பின் மேல் மூடுபனி எழுந்துகொண்டிருந்தது.
வில்னிஸ் சிகரெட் பற்றவைத்தான்.
"நாலாம் நம்பரைப் பாரு, ஸார்மீதே.
அதே வயசு, அதே கேபிள், அதே கீல்.
மூணு வருஷமா
ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை."

கையுறையோடே போய்
நான்காம் டிரைவின் திரையைத் தட்டினேன்.
பக்கம் பக்கமாய்த் தள்ளி, கடைசிக்கு முந்தின பக்கத்தில்:
எர்த் ஃபால்ட் காவல்,
ஆஃப்.

சாவியைப் பையிலிருந்து மறுபடி எடுத்தேன்.
வில்னிஸ் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.