பச்சையம்

ஓர்த்தா துறைமுகத்திலிருந்து தென்மேற்கே ஒன்றரை நாள்.
எனக்கு வின்ச் வேலை. வடம் சுருட்டுவேன்,
காப்பி வைப்பேன், கேள்வி கேட்க மாட்டேன்.
சூரைப் படகில் பதினெட்டு வருஷம்.
மீன் என்றால் எனக்கு எடை.

டெல்மிராவுக்கு மீன் என்றால் கண்.

வலை மேலே வருமுன்பே
தளத்து விளக்கு அத்தனையும் அணையவேண்டும்.
சமையற்கட்டு சன்னலுக்குத் தார்ப்பாய்.
பெல்ஷியோரின் சிகரெட்டுக்கும் தடை.
"எண்ணூறு மீட்டர் கீழே
ஒரு தீக்குச்சி ஒரு திருவிழா, ஒனோரியு.
சிந்தியதைப் பொறுக்கிச் சேர்த்தே பார்க்கும் கண்கள்.
நம் மேசை விளக்கு போதும் பொசுக்கிவிட."

வாளியை இருட்டறைக்குத் தூக்கிப்போவோம்.
கையடக்கமாக ஒரு சிவப்பு விளக்கு,
அதைப் பிடிப்பது நான்.
சிவப்பு பரவாயில்லையாம்:
கடல் முதலில் தின்பது அந்த நிறத்தைத்தான்,
சில ஆள் ஆழத்திலேயே சாயம் போய்விடும்.
கீழே அது வருவதும் இல்லை
வந்தால் வரவேற்கக் கண்ணும் இல்லை.
செக்கச் சிவந்த இறால் அங்கே கறுப்பு.

எனக்கு இது பிடித்திருந்தது.
தூங்குகிறவர் வீட்டுக்குள் நடமாடுவதுபோல.
நாம் பார்க்கலாம். அவை பாரா.

மூன்றாம் இரவு அது வந்தது.
ஒரு சாண் கரி.
தாடை வெறும் எலும்புச் சட்டம்;
தரை போடாமலே குடிபோன வீடுபோல
வாய்க்கு அடி கிடையாது.
கண்ணுக்குக் கீழே,
துடைக்க மறந்த துளிபோல ஒரு பை.

கை வலித்தது. விளக்கைச் சற்றே திருப்பினேன்.
என் வெளிச்சம் விலகியும்
பை எரிந்தது,
சிவப்பாக.

டெல்மிரா கத்தியைக் கீழே வைத்தாள்.
அணை என்றாள்.
ஏன் என்று கேட்டேன், முதல்முறையாக.
"அணை, ஒனோரியு.
இது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது."

பிறகு இருட்டில், அவசரமில்லாமல் சொன்னாள்.
தனக்கென்று ஒரு நிறம் வைத்திருக்கும் மீன் இது.
எவர் கண்ணிலும் படாத வெளிச்சத்தை அடித்து
தான் மட்டும் பார்த்து, தான் மட்டும் தின்னும்.
அந்தச் சிவப்பைப் பிடிக்க
அதன் விழித்திரைக்குப் பச்சையம் துணை.
இலையில் இருக்கிறதே, அதுதான்,
கொஞ்சம் உருமாறி.
மேலே வெயிலில் பாசி.
பாசியைத் தின்ற, பேன் அளவுப் பிராணி.
பிராணியைத் தின்ற இது.
சூரியன் பக்கமே போனதில்லை,
ஆனால் சூரியன் சமைத்ததை
கண்ணில் போட்டுவைத்திருக்கிறது.

நான் பேசவில்லை.
என் யோசனையெல்லாம்
அதற்கு முந்திய இருபது நிமிஷத்தில் நின்றது.
வாளிமேல் குனிந்து,
முகத்துக்குக் கீழே விளக்கைப் பிடித்து,
பல்லில் சிக்கிய சோளத்தை நாக்கால் நெம்பியபடி
எவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன்!
தன் நிறம் வேறொருவரிடம்.
என்னவென்று நினைத்திருக்கும் என்னை?
இரையென்றா, இணையென்றா?

நம் கண்ணும் இருட்டுக்குப் பழகும் என்றாள்,
அரைமணி கொடுத்தால்.
கொடுத்தோம். இன்ஜின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பிறகு வாளி இருக்கும் பக்கத்தில்
நீலமும் பச்சையுமாக ஒரு பொட்டு.
கண்ணுக்குப் பின்னால் அதற்கு இன்னொரு விளக்காம்,
ஊருக்கெல்லாம் தெரிகிற விளக்கு.
நேராகப் பார்த்தேன். காணோம்.
"ஓரத்தால் பார். நடுக்கண் பகலுக்கானது."

சுவரைப் பார்த்தேன்.
அங்கே இருந்தது, என் பார்வையின் விளிம்பில்.
அணைந்தது.
வந்தது.
அப்புறம் நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்து பதிவேடு எழுதினேன்.
நேரம், ஆழம், வடத்தின் நீளம்.
எடை என்ற கட்டத்தில் பேனா நின்றது;
போடவே மறந்திருக்கிறேன்.

மத்தியானம் பெல்ஷியோர் கீரை சூப் வைத்தான்.
வழக்கமாகக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவேன்.
அன்று இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.
ஏனென்று அவன் கேட்டான்.
டெல்மிரா மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.