ஒன்பதுக்குப் பத்து

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடித்து வந்ததும்
தையல் டேப்பை எடுத்தேன்.
குதைபியாவில் பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடி,
ஒன்பதடிக்குப் பத்தடி.
கதவு உள்பக்கம் திறப்பதால்
அதிலும் இரண்டடி கதவுக்குச் சொந்தம்.

ஒரு வாரமாகத் தரையில் கிடந்த மெத்தைக்கு
நேற்றுத்தான் கட்டில் வந்தது.
சன்னலோரம் போட்டோம்.
நைட் ஷிப்ட் முடிந்து படுப்பவர் முகத்தில்
பகல் பதினொரு மணி வெயில் நேரே இறங்கும்.
ஏசிக்குக் கீழே நகர்த்தினோம்.
சொட்டுச் சொட்டாகத் தலையணை நனைந்தது.
குறுக்கே போட்டதில்
அலமாரிக் கதவு பாதி திறந்து முட்டி நின்றது;
சந்துக்குள் கைவிட்டு என் சுடிதார் என்று
அவருடைய ஆலைச் சட்டையை இழுத்தேன்.

அலமாரி, ஊரோடு திரும்பிப்போகும் ஒரு குடும்பம்
பதினேழு தினாருக்குக் கொடுத்தது.
உட்கதவில் ஏதோ பிள்ளை ஒட்டிய டைனோசர்.
சுரண்டிப் பார்த்தேன், வால் மட்டும் வந்தது.

நாலு தட்டு. ரெண்டு உங்களுக்கு என்றேன்.
"ஏளா, எனக்கு ஒண்ணு போதும்" என்றார் தனிஸ்லாஸ்.
அந்த ஒன்றும் நிறையவில்லை.
ஒன்பது வருசம் எட்டுப்பேர் அறையில்
மேல்கட்டிலில் படுத்த மனுசன்.
ஓர் ஆணி, ஆணியில் ஒரு பை,
மிச்சமெல்லாம் தலையணைக்கடியில்.
இன்னமும் பர்சு, சி.பி.ஆர். கார்டு, நகவெட்டி
அங்கேதான் வைக்கிறார்.
விழித்ததும் தலையைக் குனிந்துகொண்டு எழுகிறார்,
கூரை இடித்துவிடும் என்பதுபோல.

நான் மட்டும் என்னவாம்.
அவர் பணத்தில் வாங்கிய இரட்டைக் கட்டிலில்
தூத்துக்குடியில் நாலு வருசம்
நட்டநடுவே கைகாலை விரித்துத் தூங்கினவள்.
இங்கே வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ
அவர் முழங்கையைத் தள்ளிவிட்டு
"யாரு" என்று கேட்டேனாம் தூக்கத்தில்.
முழுப்பெயரையும் சொன்னாராம்,
கேம்ப் வாசலில் சொல்வதுபோல, நம்பரோடு.

சண்டை கட்டிலால் வந்தது என்றுதான்
மத்தியானம் வரை நினைத்திருந்தேன்.
அந்தக் காலித் தட்டால் வந்தது.
"வைக்கச் சாமான் இல்லாட்டி போகுது,
இடத்தையாவது வாங்கிக்கிடுங்க" என்று கத்திவிட்டேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ டிவியைக் குறைத்தார்கள்.

அவர் பதில் பேசவில்லை.
அறையோடு வந்த கம்பளத்தைச் சுருட்டி
உதறக் கொண்டுபோனார்.
தரையில் நாலு துரு வட்டம்.
எங்களுக்கு முன்னே யாரோ போட்ட கட்டிலின் கால்கள்.
குனிந்து பார்த்தால் ஒரு வட்டத்துக்குள்
மங்கலாக இன்னொரு வட்டம், கொஞ்சம் சின்னது.
எத்தனை சோடியோ.
எத்தனை வெள்ளிக்கிழமை இழுத்தார்களோ.

அந்தத் தடத்திலேயே கட்டிலை நிறுத்தினோம்.
கதவு முழுசாகத் திறந்தது. அலமாரியும்.
வெயில் முழங்காலோடு நின்றுகொண்டது.
"முதல்லயே கம்பளத்தைச் சுருட்டியிருக்கலாம்" என்றார்,
முதுகைப் பிடித்துக்கொண்டு.
எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டவில்லை.

சுவரைவிட்டு நாலு விரல் தள்ளச் சொன்னேன்.
"இப்பத்தான் சரியா இருக்கு, எதுக்கு?"
போர்வை சொருகக் கை போகணும் என்றேன்.
அது மட்டும் காரணமில்லை.
தள்ளினார். நாலு கால்களும்
பழைய வட்டங்களைப் பாதி மிதித்து நின்றன.

ராத்திரி அவரைக் கூட்டிப்போக ஆலைப் பஸ் வந்தது.
கீழே ரொட்டி வேகும் வாசனை மாடியேறியது.
என் பக்கம் எது என்று முடிவாகாத கட்டிலில்
ஓரமாகப் படுத்துப் பார்த்தேன், சுவர்ப்பக்கம்.
அப்புறம் இந்தப் பக்கம்.
அவர் தலையணைக்கடியில் கையை விட்டேன்,
வெறும் விரிப்பு.

எழுந்து விளக்கைப் போட்டு
அலமாரியைத் திறந்தேன்.
இரண்டாம் தட்டில்
அத்தனை பெரிய இடத்தின் நடுவே
நகவெட்டி.