சதுர அடிக்குப் பதினாறு ரூபாய்

கீழவெளி வீதி மாடியில்
ப்ளெக்ஸ் அடித்துப் பழகிய கை இது.
காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள்,
பத்துக்கு எட்டில் அறுபது தலை அடங்க வேண்டும்.
தாய்மாமன் தலை சித்தப்பா தலையைவிட
அரை அங்குலம் சிறுத்துவிட்டால்
அன்றைக்குக் கடைமேல் கல் விழும்.
மிஞ்சிய மூலையில் ஒரு புறா, ஒரு ரோஜா,
அதற்கும் மிஞ்சினால் சிங்கம்.
சும்மா விட்ட இடம்
திருட்டுக் கொடுத்த இடம் மாதிரி.

இப்போது ராத்திரிகளில்
ஜெரால்டு சார் அனுப்பும் படங்களில்
நான் அழிக்கிறேன்.

மேலூர் தாண்டி, ஓடாத ஒரு கல்குவாரி.
மோர் நிறப் பட்டில் நீளக் கோட்டு;
அதை உடுத்தியவள் வலது கீழ்க்கோடியில்
ஒரு கட்டைவிரல் உயரம்.
கையில் சுருக்குப்பை அளவில் ஒரு பை,
அதன் விலைக்கு நான் புது ஸ்கூட்டி இரண்டு எடுப்பேன்.
மீதியெல்லாம் பாறை.
வெட்டி வழித்த சுவர்,
அதன்மேல் ஒன்றுமே செய்யாத வானம்.

"கண்ணு அங்கங்க சுத்தி அலைஞ்சு
கடைசியில தானா பைக்கிட்ட வந்து நிக்கணும்"
என்றார் போனில்.
"பைக்கு விலையே அந்த எடந்தான்."

எனக்கு அது உடனே புரிந்தது.
வாசல் நிறையத் தொங்கவிட்ட கடையில் பேரம் பேசுவோம்.
கண்ணாடிக்குள் ஒற்றை வளையல் வைத்த கடையில்
நம் செருப்பை நாமே பார்த்துக்கொண்டு
நகர்ந்துவிடுவோம்.

அழித்தேன்.
மின்கம்பி, துரு ஏறிய க்ரேன் கொக்கி,
பாறையில் சுண்ணாம்பால் எழுதிய எண்கள்,
இரண்டு வெள்ளாடு,
யாரோ ஒரு காதல் ஜோடியின் பெயர்
(பாதிதான். மறுபாதியைக்
கல்லோடு ஏற்றுமதி செய்துவிட்டார்கள்).

பெரிதாக்கிப் பார்க்கையில்தான் உறைத்தது:
நான் மெனக்கெட்டு வெறுமையாக்கும் இடத்தில்
முன்பே ஒரு மலையை அழித்து முடித்திருக்கிறார்கள்.
அவர்களுக்கு வெடி, வயர் ரம்பம்.
எனக்கு மவுஸ்.
கடைசித் துடைப்பு மட்டும் என்னுடையது.

இடது ஓரத்தில், மடக்கு நாற்காலியில்,
ஒரு காவல்காரர்.
நீலச் சட்டை. காலடியில் தூக்குவாளி.
தன்னைத்தான் எடுக்கிறார்கள் என்று
மீசையைச் சரிசெய்த கை இன்னும் இறங்கவில்லை.
பாறையில் ஒரு துண்டை எடுத்து அவர்மேல் ஒட்டினேன்.
நாற்காலியின் நிழல்
மூன்று தடவை திரும்பத் திரும்ப வந்தது.

மாசிப் பச்சைக்கு முந்தின வாரம்
கடைக்கு வந்தார். அதே சட்டை.
வெள்ளைக்கண்ணு என்று பேர்.
பேத்திக்குக் காதுகுத்து.
"குவாரில எடுத்தாகல்ல, அந்தப் படத்தைப் போடு தாயி.
கூட வந்த பையந்தான் ஒன் கடையச் சொன்னான்.
நான் நல்லா விழுந்திருப்பேன்."

அழிக்காத கோப்பு என்னிடம் இருந்தது.
கோட்டுக்காரியை அழித்தேன்.

மலை போன இடத்தில்
மாமன், பங்காளி, சம்பந்தி என்று
நாற்பத்தோரு தலை ஏறியது.
வலது கீழே கொஞ்சம் மிஞ்சியது,
அவள் நின்ற இடம்.
ரோஜா ஒன்றை இழுத்தேன்.

"வேணாம். அது இருக்கட்டும்."
"சும்மாவா?"
"மூத்த மச்சினன் எடம்.
பேச்சுவார்த்தை இல்ல, ஏழு வருசமாச்சு.
அவன் மூஞ்சிய வச்சா என் மானம் போச்சு.
வேற மூஞ்சிய வச்சா
பொண்டாட்டி சோறு போட மாட்டா."
தூக்குவாளியை மறுகைக்கு மாற்றினார்.
"சிவகங்கை பஸ்ஸுல அந்தப் பக்கந்தான் போவான்.
பாத்தா தெரியும் அவனுக்கு."

கணக்குப் போட்டேன்.
சதுர அடிக்குப் பதினாறு ரூபாய்.
அந்த இடத்தைக் கழித்துவிடவா என்று கேட்டேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு
எச்சில் தொட்டு ரூபாயை எண்ணினார்.
"அதுக்கும் சேத்துத்தான்."