ஒண்டு

பூர்க்டோர்ஃப் நீதிமன்றம், இரண்டாம் மாடி.
குற்றம் சாட்டப்பட்டவளுக்கு இடப்பக்கம் என் கதிரை.
அவளுடைய "நான்" எல்லாவற்றையும்
என் வாயாலும் "நான்" என்றே சொல்லவேண்டும். அதுதான் விதி.
நான் தள்ளினேன்.
நான் கதவைச் சாத்தினேன்.
கீழே எத்தனை படி என்று நான் நினைக்கவில்லை.
காலை எட்டரையிலிருந்து
ஜெர்மனில் ஒருவனைக் கொன்றுகொண்டிருக்கிறேன்.

விமலகரன் சொன்ன நேரத்துக்குத்தான் வந்தான்.
ஒப்படைப்புத் தாளில் இருக்கிறது:
ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, மாலை ஆறு மணி, வீட்டு வாசலில்.
பிள்ளையைக் கொண்டுவந்தான், கொடுக்கவில்லை.
ஒரு கையில் மிதுஷாவின் முழங்கை
மற்றக் கையில் தர்மினியின் கழுத்து.
வழக்கறிஞர் பலகையில் வரைந்து காட்டுகிறார்,
மூன்று குச்சி மனிதர்கள், ஒன்று சின்னது.
அதற்குப் பனிச் சப்பாத்து வரைய மறந்துவிட்டார்.
சப்பாத்து சான்றுப் பொருள் ஒன்பது.
பிள்ளை இப்போது ஹுட்வில்லில் ஒரு குடும்பத்தோடு,
பேர்ன் ஜெர்மனில் கனவு காண்கிறாளாம்.

பதினைந்தாம் பிரிவு மரியாதையாகப் பேசும்:
தாக்கப்பட்டவர் தகுந்த அளவில் தடுக்கலாம்.
பதினாறு இன்னும் கொஞ்சம் இரங்கும்:
கலக்கத்தில் அளவு மீறினாலும்,
கலக்கம் மன்னிக்கத்தக்கதென்றால் குற்றமில்லை.
ஆனால் தாக்குதல் நடந்துகொண்டிருக்க வேண்டும்,
அல்லது வாசலில் நிற்க வேண்டும்.
முடிந்துபோன அடிக்குத் தற்காப்பு கிடையாது.
அதற்குப் பெயர் பழி.

வழக்குத்தொடுநர் பக்கம் ஏழைப் புரட்டுகிறார்.
முதல் வாக்குமூலம், லாங்கென்தால் பொலிஸ் நிலையம்,
இரவு பதினொன்று ஐம்பது,
தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு, ஒலிப்பதிவு இல்லை:
அவன் விட்டான். நான் தள்ளினேன்.
பிடியை விட்டவனைத் தள்ளியிருக்கிறாள்
என்கிறார் அவர். பதினொரு சீமெந்துப் படி.
குரலை உயர்த்தவுமில்லை.

தர்மினி என் பக்கம் குனிகிறாள்.
"நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா.
ஒண்டு விட்டான் எண்டுதான் சொன்னனான்.
கன்னத்தில. காது அடைச்சுப் போச்சு.
இன்னொண்டு விடக் கை ஓங்கினவன்."

ஒண்டு விட்டான்.
எங்கள் வாயில் எதைத்தான் விடுவதில்லை!
பட்டம் விடுவோம், புலுடா விடுவோம்,
அறை விடுவோம், பிடி விடுவோம்,
உயிர் விடுவோம்.
ஒற்றை எண்ணைப் பிடுங்கினால்
அடித்த கை அடங்கிய கையாகிவிடும்.

பக்கம் ஏழின் அடியில் பெயர் இல்லை.
மொழிபெயர்ப்பாளர் இலக்கம் 417.
அந்த இலக்கம் என் கைப்பைக்குள், அட்டையில் இருக்கிறது.

அந்த இரவு கட்டிலில் எழும்பியிருந்து
போனைக் காதில் வைத்தேன்.
பின்னால் ஒரு பிள்ளை அழுதது.
அவளை அடுத்த அறைக்குக் கூட்டிப்போங்கள் என்று
பொலிசுக்குச் சொல்ல நான் யார்?
"விட்டான்" கேட்டது.
அதற்கு முன்னால் அழுகைக்குள்
ஏதோ ஒன்று கிடந்ததும் கேட்டது.
திருப்பிக் கேட்டிருக்கலாம்.
விடிய ஐந்தரைக்கு ரயில்.

"மொழிபெயர்ப்பாளர், அவர் என்ன சொல்கிறார்?"
சொன்னேன். சுத்தமாகச் சொன்னேன்,
அந்த ஒன்றையும் சேர்த்து.
வழக்குத்தொடுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
அவளிடம் ஒரு கேள்வி கேட்கிறார்.
அதைத் தமிழாக்குவது என் தொழில்:
"அப்ப, அண்டைக்கு மொழிபெயர்த்தவ பிழை விட்டவவோ?"

தர்மினி தலையை ஆட்டவில்லை.
அவளுக்கு எப்படித் தெரியும்? போனில் என் குரல் வேறு.
ஒருவருக்கும் தெரியாது.
என் கழுத்தில் யாருடைய கையும் இல்லை.
வாயை மூடிக்கொண்டால் அதுவும் தற்காப்புத்தான்,
எந்தப் பிரிவில் வருமென்று தெரியவில்லை.

தண்ணீர் குடித்தேன்.
கை உயர்த்தினேன், பள்ளிக்கூடத்தில் போல.
நீதிபதி நிமிர்ந்து பார்க்கிறார்.
எழுத்தரின் விரல்கள் விசைகளுக்கு மேலே நிற்கின்றன.

மன்னிக்கவேண்டும்,
இனி வரும் "நான்"
என்னுடையது.